இரண்டு சுரங்க நிறுவனங்கள் ஒன்றான பிறகு: தங்க மீட்பையும் ஆலைத் திறனையும் உயர்த்த ஒரு முழுமையான வழிகாட்டி

நீலகிரியின் தேவாலா, பந்தலூர் பகுதித் தேயிலைத் தோட்டங்களுக்கு அடியில் பழைய தங்கச் சுரங்கங்களின் வாய்கள் இன்றும் இருக்கின்றன. 1879-ல் ஆங்கிலேய அரசு ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவிலிருந்து ராபர்ட் பிரவ் ஸ்மித் என்ற சுரங்க வல்லுநரை வரவழைத்து இந்தப் பாறைகளை ஆராயச் சொன்னது. 1880-ல் அவர் அறிக்கை வந்ததும் லண்டன் பங்குச் சந்தை கொதித்தது. முப்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள், நாற்பது லட்சம் பவுனுக்கும் மேற்பட்ட மூலதனத்தோடு இந்த மலைக்கு இடி இயந்திரங்களைக் கொண்டுவந்தன. சில ஆண்டுகளுக்குள் ஏறக்குறைய எல்லாம் மூடப்பட்டன. பாறையில் தங்கம் இருந்தது. ஆனால் பொறுக்கி எடுத்த மாதிரிகள் காட்டிய அளவு, இடித்த டன்னில் வரவில்லை. கந்தகக் கனிமத்தோடு பிணைந்திருந்த தங்கத்தை அன்றைய பாதரச முறையால் சரியாகப் பிடிக்கவும் முடியவில்லை. தங்கத்தைச் சயனைடில் கரைத்தெடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெறப்பட்டது 1887-ல்தான்.

தாதுவை அறியாமல் ஆலையைத் தொடுவது என்ற அதே தவறு இன்று நிறுவனங்கள் இணையும்போதும் நடக்கிறது. "இரண்டு ஆலைகள், ஒரே நிர்வாகம், அதிக உற்பத்தி" என்று பங்குதாரர்களிடம் வாக்குக் கொடுத்துவிடுகிறார்கள். அதன் பிறகுதான், ஒரு சுரங்கத்தின் கல் மற்ற ஆலையில் எப்படி நடந்துகொள்ளும் என்று யோசிக்கிறார்கள். கர்நாடகத்தின் ஹட்டி முதல் ஆப்பிரிக்க, ஆஸ்திரேலியச் சுரங்கங்கள் வரை ஆலைப் பிரிவில் வேலைக்குப் போகும் நம் மலைப் பிள்ளைகளுக்காகவும், அவர்களைப் போன்ற இளம் பொறியாளர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீலகிரியில் மீண்டும் சுரங்கம் திறக்க வேண்டும் என்பதற்காக இதை எழுதவில்லை. 1986 முதல் இது உயிர்க்கோளக் காப்பகம். பழைய சுரங்கங்களுக்குள் திருட்டுத்தனமாக நுழைந்து, மண் சரிந்து மாண்டவர்கள் நம் ஊர்க்காரர்கள்தான். கீழே வரும் எதையும் வீட்டுக் கொல்லையில் செய்து பார்க்காதீர்கள். பாதரசத்தைக் காய்ச்சுவதை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். அந்த ஆவி வீட்டில் உள்ள குழந்தையின் மூளையைத்தான் முதலில் தாக்கும்.

முதல் படி: கணக்கை ஒன்றாக்குங்கள்

இணைப்பு முடிந்த வாரத்தில் உங்கள் மேசைக்கு இரண்டு எண்கள் வரும். ஓர் ஆலையின் மீட்பு 92 சதவீதம், மற்றதன் மீட்பு 89 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். உடனே இரண்டாவது ஆலையைத் திருத்தக் கிளம்பாதீர்கள். அந்த இரண்டு எண்களும் ஒரே முறையில் கணக்கிடப்பட்டவைதானா என்று பாருங்கள்.

மீட்பு விகிதம் என்பது உள்ளே வந்த தங்கத்தில் எத்தனை பங்கு கட்டியாக வெளியே வந்தது என்பதுதான். ஆனால் "உள்ளே வந்தது" என்பதை இரண்டு வழிகளில் சொல்லலாம். உள்வரும் தாதுவில் மாதிரி எடுத்து அதன் தரத்தை அளப்பது ஒன்று. வார்த்தெடுத்த தங்கத்தையும் கழிவில் போன தங்கத்தையும் கூட்டிப் பின்னோக்கிக் கணக்கிடுவது மற்றொன்று. இரண்டும் சில சதவீதம் வேறுபடுவது சாதாரணம். ஓர் ஆலை முதல் வழியிலும் மற்றது இரண்டாம் வழியிலும் கணக்கு எழுதினால், ஒப்பிட அங்கே எதுவுமே இல்லை.

ஈரப்பதத்தை உதாரணமாக எடுத்துக்கொள்ளுங்கள். கல்லைச் சுமந்து ஓடும் பட்டையில் இருக்கும் எடைமானி ஈரக் கல்லைத்தான் எடைபோடுகிறது. தேவாலா போல மழை கொட்டும் இடத்தில், கோடைக்காலத்து ஈரப்பத எண்ணையே ஆண்டு முழுவதும் கழித்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? ஒரு லட்சம் டன்னில் 2 சதவீதப் பிழை என்பது இல்லாத 2,000 டன் கல். டன்னுக்கு 4 கிராம் தரம் என்றால், 8 கிலோ தங்கம் கணக்கில் மட்டும் உள்ளே வந்திருக்கும். அது எந்தத் தொட்டியிலும் இல்லை. ஆனாலும் மாத அறிக்கையில் மீட்பு 2 சதவீதம் குறைந்ததாகத் தெரியும். யாரோ ஒரு ஷிப்ட் பொறியாளர் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்.

ஆகவே இரண்டு ஆலைகளிலும் எடைமானிகளைச் சரிபாருங்கள். ஒவ்வொரு ஷிப்டிலும் ஈரப்பதம் அளக்கச் சொல்லுங்கள். மாதிரி வெட்டும் கருவி, ஓடும் கூழின் (அரைத்த கல்லும் நீரும் கலந்தது) முழு அகலத்தையும் ஒரே வேகத்தில் கடக்கிறதா என்று நேரில் நின்று பாருங்கள். ஓரத்தில் கரண்டியை நீட்டி எடுக்கும் மாதிரி எதற்கும் உதவாது. இரண்டு ஆய்வகங்களுக்கும் ஒரே மாதிரியின் பகுதிகளைப் பெயர் மறைத்து அனுப்புங்கள். அவற்றோடு சான்றளிக்கப்பட்ட ஒப்பீட்டு மாதிரிகளையும் சேர்த்து அனுப்புங்கள். மாதக் கடைசியில் சயனைடுத் தொட்டிகளிலும், கரைந்த தங்கத்தைப் பிடிக்கும் கார்பனிலும் தங்கியிருக்கும் தங்கத்தை இரண்டு ஆலைகளும் ஒரே நாளில், ஒரே மணியில் கணக்கெடுக்க வேண்டும்.

தங்கம் பெரிய துகள்களாக இருக்கும் தாதுவில் இன்னொரு சிக்கல் உண்டு. உருக்கி அளக்கும் சோதனைக்கு எடுப்பது வழக்கமாக 30 அல்லது 50 கிராம் தூள். ஒரே ஒரு பெரிய துகள் அதற்குள் விழுந்தாலும் விழாவிட்டாலும் விடை தலைகீழாகிவிடும். அப்படிப்பட்ட தாதுவுக்குத் தூளைச் சலித்து, சல்லடையில் நின்றதை முழுவதுமாகத் தனியே உருக்கி அளக்க வேண்டும். அல்லது ஒரு கிலோ அளவை மொத்தமாகச் சயனைடுக் கரைசலோடு புட்டியில் இட்டு உருட்டிப் பார்க்க வேண்டும். பிரவ் ஸ்மித் காலத்துப் பந்தலூரை ஏமாற்றியது பெரும்பாலும் இந்த மாதிரிப் பிழைதான் என்பது என் கருத்து. பளபளக்கும் கல்லைத்தான் கை தேடும்.

இரண்டாம் படி: கழிவைப் படியுங்கள்

ஆலை எதை இழக்கிறது என்பதைக் கழிவு மணலைப் போலத் தெளிவாகச் சொல்லும் சாட்சி வேறில்லை. ஒரு மாதக் கழிவு மாதிரிகளைச் சேர்த்து, அளவு வாரியாகச் சலித்து, ஒவ்வொரு பிரிவிலும் தங்கத்தை அளந்து பாருங்கள். இழப்பு எங்கே குவிகிறது என்பதைப் பொறுத்து வைத்தியம் முற்றிலும் வேறுபடும்.

இழப்பு பருமனான பிரிவில் குவிந்தால், தங்கம் கல்லுக்குள் பூட்டியிருக்கிறது. இன்னும் நைசாக அரைக்க வேண்டும். பருமனான பிரிவிலேயே தங்கம் தனித் துகளாகத் திரிந்தால், அரைப்பது வீண். சயனைடு அதைக் கரைத்து முடிப்பதற்குள் அது தொட்டியைத் தாண்டிவிடுகிறது என்று பொருள். அதை எடையால் பிரிக்கும் கருவியில் பிடிக்க வேண்டும். நெல்சன், ஃபால்கன் போன்ற சுழல் செறிவூட்டிகள் அந்த வேலையைச் செய்கின்றன. தங்கம் மென்மையானது, அரைவை இயந்திரத்துக்குள் நொறுங்காமல் தட்டையாகிக்கொண்டே போகும். அதோடு கனமானது என்பதால் நைசையும் பருமனையும் சுழற்றிப் பிரிக்கும் சைக்ளோனின் அடிவழியாகத் திரும்பத் திரும்ப அந்த இயந்திரத்துக்கே வந்து சேரும். அந்தச் சுற்றிலிருந்து ஒரு பங்கைத் திருப்பிச் செறிவூட்டிக்கு விட்டால், அங்கே பிடிபடும் ஒவ்வொரு கிராமும் பின்னால் உள்ள தொட்டிகளின் சுமையைக் குறைக்கும்.

மிக நைசான பிரிவில் இழப்பு இருந்தால் சற்று அச்சப்பட வேண்டும். பைரைட், ஆர்செனோபைரைட் போன்ற கந்தகக் கனிமங்களுக்குள் கண்ணுக்கே தெரியாத அளவில் தங்கம் கலந்திருக்கலாம். ஒன்றன்பின் ஒன்றாக வலுவான அமிலங்களில் கரைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு தங்கம் விடுபடுகிறது என்று பார்க்கும் சோதனை இதைக் காட்டிவிடும். விடை "ஆம்" என்றால், மிதப்பு முறையில் (காற்றுக் குமிழில் ஒட்டவைத்து மேலே எழச்செய்து) கந்தகக் கனிமத்தைப் பிரித்து, அதை மட்டும் மீநுண் அரைவைக்கோ, வறுப்பதற்கோ, உயரழுத்த ஆக்சிஜனேற்றத்துக்கோ, பாக்டீரியா முறைக்கோ அனுப்ப வேண்டியிருக்கும். பணம் அதிகம் பிடிக்கும் பாதை இது. இணைந்த நிறுவனத்தில் ஏதோ ஓர் ஆலையில் ஏற்கெனவே அந்த வசதி இருந்தால், இணைப்பின் உண்மையான லாபமே அங்கேதான் இருக்கிறது.

மூன்றாம் படி: எந்தக் கல் எந்த ஆலைக்கு?

இதற்குச் சமீப கால உதாரணம் அமெரிக்காவின் நெவாடா. பல ஆண்டுகள் அண்டை வீட்டுப் பகையாளிகளாக இருந்த பாரிக், நியூமான்ட் நிறுவனங்கள் 2019-ல் தங்கள் நெவாடா சுரங்கங்களை ஒரே கூட்டு நிறுவனத்தின் கீழ் கொண்டுவந்தன. பாரிக்குக்கு 61.5 சதவீதம், நியூமான்ட்டுக்கு 38.5 சதவீதம். வறுப்பு உலைகள், உயரழுத்தக் கலன்கள், ஆக்சைடு ஆலைகள் எல்லாம் ஒரே கையில் வந்ததால், வேலிக்கு இந்தப் பக்கம் வெட்டிய தாதுவை, அதற்குப் பொருத்தமான அந்தப் பக்கத்து ஆலைக்கு அனுப்ப முடிந்தது. வேலியை எடுத்ததுதான் அங்கே நடந்த பெரிய தொழில்நுட்பம்.

ஆனால் எல்லாத் தாதுவையும் ஒன்றாகக் கொட்டுவது இணைப்பு ஆகாது. கொழுந்தையும் முற்றிய இலையையும் ஒரே தொட்டியில் போட்டு வாட்டினால் என்ன தேயிலை கிடைக்கும் என்று குன்னூரில் எந்த ஃபேக்டரி மேஸ்திரியும் சொல்லிவிடுவார். தாதுவிலும் அதேதான். ஒரு சுரங்கத்தின் கல்லில் இயற்கைக் கரிப்பொருள் இருந்தால், அது தன் தங்கத்தோடு மற்றச் சுரங்கத்தின் கரைந்த தங்கத்தையும் உறிஞ்சிக்கொண்டு கழிவுக்குப் போய்விடும். பைரோடைட் என்ற இரும்புக் கந்தகக் கனிமம் இருந்தால் கூழில் உள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும். ஆக்சிஜன் இல்லாமல் சயனைடு தங்கத்தைக் கரைக்காது. கரையக்கூடிய செம்புக் கனிமம் இருந்தால் சயனைடுச் செலவு ஏறும். ஆகவே ஒவ்வொரு தாதுவையும் தனித்தனியாகவும், பிறகு உத்தேசக் கலவை விகிதங்களிலும் ஆய்வகத்தில் சோதியுங்கள். கலவையின் மீட்பு தனித்தனி மீட்புகளின் சராசரியை விடக் குறைந்தால், அந்த இரண்டு கல்லும் ஒன்றாக அரைபடக் கூடாது. குவியல்களைப் பிரித்து வைத்து, வாரம் மாற்றி வாரம் ஓட்டுங்கள்.

நான்காம் படி: ஆலைத் திறனின் முடிச்சு எது?

திறனை உயர்த்த வேண்டும் என்றதும் புது ஆலை வாங்கப் பலரும் துடிப்பார்கள். அதற்கு முன் ஒரு பக்கக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஒரு டன் கல்லை அரைக்க ஆகும் மின்சாரத்தைக் கணிக்க, அரைப்பதற்குக் கல் எவ்வளவு கடினம் என்பதைக் காட்டும் பாண்ட் அரைவைக் குறியீடு பயன்படுகிறது. சூத்திரம் எளியது. உள்ளே வரும் கல்லில் 80 சதவீதம் கடக்கும் சல்லடை அளவையும், வெளியே போகும் தூளில் 80 சதவீதம் கடக்கும் அளவையும் மைக்ரானில் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) எடுத்து, இரண்டின் வர்க்கமூலத் தலைகீழ்களைக் கழித்து, குறியீட்டையும் 10-ஐயும் கொண்டு பெருக்கினால் டன்னுக்கான கிலோவாட் மணி கிடைக்கும். கற்பனையாக ஓர் ஆலையை எடுத்துக்கொள்வோம். அதன் பால் மில் (எஃகு உருண்டைகளால் கல்லை அரைக்கும் சுழல் உருளை) 1,000 கிலோவாட் இழுக்கிறது. வரும் கல் 2 மில்லிமீட்டர். கல்லின் குறியீடு 14. தூளை 75 மைக்ரானுக்கு அரைத்தால் டன்னுக்கு 13 கிலோவாட் மணி. ஆக மணிக்குச் சுமார் 77 டன். அதையே 106 மைக்ரானோடு நிறுத்தினால் 10.5 கிலோவாட் மணி. மணிக்குச் சுமார் 95 டன். ஆனால் இணைப்பில் வந்த புதுச் சுரங்கத்தின் கல் கடினமாக இருந்து குறியீடு 17 என்றால், 75 மைக்ரானில் அந்த ஆலை 63 டன்தான் தரும். இரண்டு நிறுவனங்களின் ஆலைத் திறனைக் கூட்டல் போட்டுச் சொல்வது ஏன் தவறு என்பது இந்த மூன்று எண்களிலேயே தெரியும்.

இனி மீட்பைச் சேர்த்துப் பாருங்கள். தரம் டன்னுக்கு 4 கிராம்; நைசாக அரைத்தால் மீட்பு 92, பருமனாக விட்டால் 88 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 77 டன், 92 சதவீதம்: மணிக்கு 283 கிராம். 95 டன், 88 சதவீதம்: மணிக்கு 334 கிராம். மீட்பு குறைந்தும் தங்கம் கூடிவிட்டது. ஆனால் சுரங்கத்தால் மணிக்கு 77 டன்னுக்கு மேல் அனுப்ப முடியாது என்றால், பருமனாக அரைத்தால் கிடைப்பது 271 கிராம்தான்; மணிக்கு 12 கிராம் கழிவில் போகும். எனவே "நைசா, பருமனா" என்ற கேள்விக்கு ஆலைக்குள் விடை கிடையாது. முடிச்சு, அதாவது உற்பத்தியைக் கட்டுப்படுத்தும் இடம், சுரங்கத்தில் இருக்கிறதா, ஆலையில் இருக்கிறதா என்பதில்தான் விடை இருக்கிறது. இணைப்புக்குப் பிறகு அந்த முடிச்சு இடம் மாறிவிடும். பழைய நிறுவனத்தில் கல் போதாமல் காத்திருந்த ஆலைக்கு இப்போது மலையளவு கல் காத்திருக்கலாம். நேற்றுச் சரியாக இருந்த அரைவை அளவு இன்று தவறாகிவிடும்.

இன்னொன்றையும் பாருங்கள். தொட்டிகளின் கொள்ளளவு மாறாதபோது 77 டன்னில் 24 மணி நேரம் ஊறிய கூழ், 95 டன்னில் 19.5 மணி நேரம்தான் ஊறும். அரைவையில் பெற்ற லாபத்தை ஊறலில் இழக்கக் கூடாது. மூடப்படும் ஆலையின் தொட்டிகளைக் கழற்றி வந்து சேர்ப்பது, புதுப் பால் மில் வாங்குவதை விடப் பல சமயம் மலிவு.

பணம் அதிகம் செலவழிக்காமல் திறன் கிடைக்கும் இடங்களை இந்த வரிசையில் தேடுவேன். முதலில் வெடிவைப்பு: துளைகளின் இடைவெளியையும் வெடிமருந்தின் அளவையும் மாற்றி, கல் சுரங்கத்திலேயே நன்றாக உடைந்தால், அதன் பின் உள்ள ஒவ்வொரு இயந்திரத்துக்கும் சுமை குறையும். அடுத்து நொறுக்கி: சல்லடையில் ஓட்டை விழுந்து பெரிய கல் தப்பிக்கிறதா, நொறுக்கி எப்போதும் நிரம்பி ஓடுகிறதா என்று பாருங்கள். பிறகு பால் மில்: உருண்டைகள் உள்கொள்ளளவில் ஏறக்குறைய 30 முதல் 35 சதவீதம் இருக்கின்றனவா, மோட்டார் தன் முழுத் திறனை இழுக்கிறதா? உருண்டை குறைந்த மில், மின்சாரமும் குறைவாக இழுக்கும், கல்லும் குறைவாக அரைக்கும். அதைச் செலவு மிச்சம் என்று யாராவது எழுதிவைத்திருந்தால் உடனே திருத்துங்கள். கடைசியாகச் சைக்ளோன்: தேய்ந்த அடிவாய், அடைத்த குழாய், தவறான கூழ் அடர்த்தி. நைசாகிவிட்ட தூளே மீண்டும் மில்லுக்குத் திரும்பினால் திறனும் போகும், தேவைக்கு மேல் அரைபட்ட சேறும் பெருகும்.

இவ்வளவும் செய்த பிறகும் கல் மிச்சம் இருந்தால்தான் புது ஆலை. ஆஸ்திரேலியாவின் கல்கூர்லியில் அதைத்தான் பார்க்கிறோம். சூப்பர் பிட் சுரங்கத்தின் சரிபாதி உரிமையாளர்களாக இருந்த நார்தர்ன் ஸ்டார், சரசன் நிறுவனங்கள் 2021-ல் இணைந்து சுரங்கம் ஒரே கைக்கு வந்தது. அதன் ஃபிமிஸ்டன் ஆலையை ஆண்டுக்கு 1.3 கோடி டன்னிலிருந்து 2.7 கோடி டன்னாக விரிவாக்கும் முடிவு 2023-ல்தான் வந்தது.

ஐந்தாம் படி: சயனைடு, ஆக்சிஜன், கார்பன்

கூழின் பி.எச். அளவு 10.5-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். குறைந்தால் சயனைடு நச்சு வாயுவாக மாறும். மீட்புக்கு முன்னால் ஆட்களின் உயிரைப் பற்றிய விஷயம் இது. கரைந்த ஆக்சிஜனை முதல் தொட்டியிலேயே அளந்து பாருங்கள். காற்றுக்குப் பதில் ஆக்சிஜன் செலுத்துவது, கந்தகக் கனிமம் உள்ள தாதுவுக்குப் பெரும்பாலும் தன் செலவைத் தானே மீட்டுவிடும்.

கரைந்த தங்கத்தைப் பிடிக்கும் கார்பனைப் பற்றிச் சொல்லும்போது எனக்குத் தனி மகிழ்ச்சி. உலகின் தங்க ஆலைகள் விரும்பி வாங்குவது தேங்காய்ச் சிரட்டைக் கரியிலிருந்து செய்த கார்பனைத்தான். கூழில் உரசி உரசியும் எளிதில் தேயாத கடினம் அதற்கு உண்டு. நம் மலையடிவாரத்துக் கொங்கு நாட்டில் சிரட்டைக் கரி ஒரு பெரிய தொழில். அங்கிருந்து அது கடல் கடந்து போகிறது. இணைந்த நிறுவனத்தில் இரண்டு ஆலைகளின் கார்பனையும் உடனே கலந்துவிடாதீர்கள். சுண்ணாம்பு படிந்த கார்பனை அமிலத்தில் கழுவுகிறார்களா, தங்கத்தை எடுத்த பின் 650 முதல் 750 டிகிரி செல்சியஸில் சூளையிட்டு உயிர்ப்பிக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். கடைசித் தொட்டியை விட்டு வெளியேறும் கரைசலில் தங்கம் இருந்தால், குற்றம் பெரும்பாலும் சோர்ந்துபோன கார்பனிடம்தான். உடைந்த கார்பன் துகளோடும் தங்கம் போகும். கழிவுச் சல்லடையில் நிற்பதைக் குப்பையில் கொட்டாமல் சேகரியுங்கள்.

ஆறாம் படி: ஆட்கள்

கோலார் தங்க வயலின் ஆழத்திலும் ஆலைகளிலும் உழைத்தவர்களில் பெரும்பாலானோர் தமிழர்கள். தனித்தனி வெள்ளைக்காரக் கம்பெனிகளாக இருந்த அந்தச் சுரங்கங்கள் 1956-ல் மைசூர் அரசின் கைக்கு வந்தன. பிறகு மத்திய அரசிடம் போயின. 2001 பிப்ரவரியில் மூடப்பட்டன. உரிமையாளர் மாறும்போதெல்லாம் மாறாமல் நின்றது தொழிலாளியின் கையறிவு மட்டுமே. மில்லின் சத்தத்தை வைத்தே உருண்டை குறைந்துவிட்டது என்று சொல்லும் ஆள் ஒவ்வோர் ஆலையிலும் இருப்பார். இணைப்பின் செலவுக் குறைப்பில் முதலில் வெளியேற்றப்படுவதும் அவர்தான். அதைத் தடுத்து நிறுத்துங்கள். இரண்டு ஆலைகளின் ஷிப்ட் குறிப்பேடுகளையும் கேட்டு வாங்கிப் படியுங்கள். ஓர் ஆலையின் ஆபரேட்டர்கள் மற்ற ஆலையில் சில வாரங்கள் வேலை செய்யட்டும்.

ஏழாம் படி: கழிவணையும் நச்சு நீக்கமும்

டன் கூடினால் கழிவும் நீரும் கூடும். இதை எல்லோரும் அறிந்திருந்தும், கடைசியாகத்தான் யோசிக்கிறார்கள். 2000 ஜனவரியில் ருமேனியாவின் பாயா மாரேயில், பழைய கழிவு மணலிலிருந்து தங்கம் எடுத்த ஓர் ஆலையின் அணை மழையும் பனியுருகலும் சேர்ந்து உடைந்தது. சுமார் ஒரு லட்சம் கன மீட்டர் சயனைடு நீர் திசா நதி வழியாக டான்யூப் வரை ஓடி, மீன்களைக் கொன்று குவித்தது. சர்வதேச சயனைடு நிர்வாக விதிகள் அந்தப் பேரழிவின் பின்னணியில் உருவானவை. திறந்த கழிவுக் குளத்தில் வலுக்குறைந்த அமிலத்தில் பிரியும் சயனைடு, லிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று அவை சொல்கின்றன. கந்தக டை ஆக்சைடும் காற்றும் செலுத்திச் சயனைடைச் சிதைக்கும் முறை பரவலாக உள்ளது. ஆனால் உங்கள் நச்சு நீக்கத் தொட்டி பழைய டன் அளவுக்கு வடிவமைக்கப்பட்டது என்பதை மறக்காதீர்கள்.

பழைய கழிவு மேடுகளை மறுபடி அரைத்துத் தங்கம் எடுக்கலாம் என்ற யோசனையும் இணைப்புக்குப் பிறகு வரும். கோலாரில் 3 கோடி டன்னுக்கும் அதிகமான சயனைடு மேடுகள் கிடப்பதால் அங்கும் இந்தப் பேச்சு நெடுநாளாக உண்டு. கணக்கு சரியாக வந்தால் செய்யலாம். ஆனால் அந்த டன்களுக்கும் ஓர் அணை வேண்டும்.

வேகத்தைக் கூட்டுவதற்கு முன் அணைப் பொறியாளரிடம் மூன்று ஆவணங்களை எழுத்தில் கேளுங்கள்: புதிய டன் அளவுக்கு அணை ஆண்டுக்கு எவ்வளவு உயர வேண்டும், மிகப் பெரிய மழையிலும் நீருக்கும் அணை முகட்டுக்கும் எவ்வளவு இடைவெளி மிஞ்சும், அணைக்குள் நீர்மட்டத்தைக் காட்டும் அளவிகள் இப்போது என்ன சொல்கின்றன. மூன்றும் கையெழுத்தோடு உங்கள் கையில் வரும் வரை பழைய டன் அளவிலேயே ஆலையை ஓட்டுங்கள். தலைமை அலுவலகம் அவசரப்படுத்தினால், இந்தக் காரணத்தை அவர்களுக்கும் எழுத்திலேயே அனுப்புங்கள்.